ஈர்ஷ்ய தாதுவுக்கு ஓர் உயிருள்ள உதாரணம்

திருவொற்றியூரில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் சாலையில், பழைய உப்புக் கிடங்கு ஒன்றில் அகில இந்திய வினைத்தாது நிறுவனம் இயங்கிவருகிறது. டெல்லியில் இருந்தவர்கள் வரைபடத்தில் கடலைப் பார்த்துவிட்டு, ஆராய்ச்சிக்கு ஏற்ற அமைதியான இடம் என்று ஒதுக்கிவிட்டார்கள். லாரி ஹாரன் சத்தத்தில் ஒரு பண்டிதர் பேசுவது இன்னொரு பண்டிதருக்குக் கேட்காது. அதனால் அங்கே சண்டைகளெல்லாம் எழுத்து மூலமாகவே நடக்கும். எல்லாவற்றுக்கும் நகல் உண்டு.

ஒரு வினைச்சொல்லை உரித்துக்கொண்டே போனால் கடைசியில் மிஞ்சும் கொட்டைக்கு சம்ஸ்கிருதத்தில் தாது என்று பெயர். அப்படி ஏறக்குறைய இரண்டாயிரம் இருக்கின்றன. ஒவ்வொன்றும் எங்கே பிறந்தது, என்னென்ன பொருள் தருகிறது என்று கண்டுபிடித்து, ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் உதாரணம் கொடுத்து, எழுத்து வரிசைப்படி அச்சிடுவதுதான் நிறுவனத்தின் வேலை. தொடங்கி முப்பது வருஷத்தில் அ, ஆ, இ மூன்றையும் முடித்துவிட்டார்கள். இ முடிந்த அன்று கேசரி கொடுத்தார்கள்.

“அவசரப்பட்டால் மொழி கெட்டுவிடும்” என்று இயக்குநர் பரசுராமன் அந்தக் கேசரிக்கு முன்னால் பேசினார். “இந்த நிறுவனத்தில் அவசரப்பட்டவர் என்று ஒருவரைக்கூட நீங்கள் காட்ட முடியாது.”

யாராலும் காட்ட முடியவில்லை.

வண்டி நின்றது ஈ எழுத்தில்தான். ‘ஈர்ஷ்ய’ என்றொரு தாது. பொறாமைப்படுவது என்று பொருள். பழைய தாதுப் பட்டியலில் இதே பொருளுக்கு இது போதாதென்று இன்னும் இரண்டு தாதுக்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கின்றன. இதற்கு ஈரானியப் பழைய மொழி ஒன்றில் சொந்தக்காரச் சொல் இருப்பதாகக் கேள்விப்பட்டதும், பரசுராமன் வேரை நேரில் பார்த்துவர ஈரானுக்குப் போனார். துணை இயக்குநர் வரலட்சுமியை அழைத்துப்போகவில்லை. அவர் பிஸ்தா வாங்கிக்கொண்டு திரும்பியபோது வரலட்சுமி தன் பங்குக்கு அந்தத் தாதுவின் பொருளையே மாற்றியிருந்தார். தனக்குச் சொந்தமானதைப் பிறர் பார்ப்பதைப் பொறுக்க முடியாத நிலையே ஈர்ஷ்யை என்றார் பரசுராமன். பிறருக்கு வந்த நல்லதைப் பொறுக்க முடியாத நிலையே ஈர்ஷ்யை, அதில் வெளிநாட்டுப் பயணமும் அடங்கும் என்றார் வரலட்சுமி. இப்படியே எட்டு வருஷம் ஓடியது. கடைசியில் டெல்லி எழுதிக் கேட்டது: இந்தப் பொருள் இன்றைக்கும் உயிரோடு இருக்கும் மனிதர்களிடம் உண்டா? உண்டென்றால் ஆளைக் காட்டுங்கள், இல்லையென்றால் மானியம் கிடையாது.

ஆள் தானாகவே வந்து சேர்ந்தான். பெயர் ஸ்டானிஸ்லாஸ். ராயபுரத்துக்காரன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவருக்குக் கீழே நின்று கை காட்டும் வேலை. மனைவி ஃப்ளோரா முன்பு ஒரு டிடிபி கடையில் சௌகார்பேட்டை மார்வாடிகளின் கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்தவள். இந்தி எழுத்தில் கண்ணை மூடிக்கொண்டு தட்டச்சு செய்வாள் என்பதால் நிறுவனம் அவளைத் தற்காலிகமாக எடுத்துக்கொண்டது.

அன்றிலிருந்து வீட்டில் சோறு போடும்போதெல்லாம் “எங்க சார் இன்னா சொல்றாருன்னா” என்று ஆரம்பிப்பாள். சார் என்றால் ஆய்வாளர் குணசேகரன். எல்லாச் சொல்லுக்கும் வேர் இருக்கிறது என்று சார் சொன்னாராம். வேர் தெரிந்தால் ஆளைத் தெரியும் என்று சார் சொன்னாராம். ஸ்டானிஸ்லாஸுக்கு வயிறு எரிந்தது. பத்து வருஷமாக அவனும் அவளிடம் எத்தனையோ சொல்லியிருக்கிறான், அதில் ஒன்றைக்கூட அவள் இப்படி எடுத்து யாரிடமும் சொன்னதில்லை. அவள் எந்தச் சேலை கட்டுகிறாள் என்று பார்க்க ஆரம்பித்தான். போனை எடுத்துப் பார்த்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் பாதர் பிரசங்கம் நன்றாயிருந்தது, எங்க சார் மாதிரியே நிதானமா பேசினாரு என்று அவள் சொன்னதும் வஞ்சிர மீன் குழம்போடு தட்டு அவள்மேல் பறந்தது.

மறுநாள் ஷிப்டுக்குப் போகாமல் சாரைப் பார்க்க நிறுவனத்துக்குப் போனான். வாசலில் காவலர் எந்தத் தாதுவைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். பொண்டாட்டியைப் பார்க்க வேண்டும் என்றான். அப்படி ஒரு தாது இங்கே இல்லை, தெரிந்தவரை ஈயோடு நிற்கிறது, வேண்டுமானால் தாழ்வாரத்தில் உட்காருங்கள் என்றார் அவர்.

தாழ்வாரத்துக்கு எதிரே கண்ணாடிச் சுவர். உள்ளே ஒரே கணினிக்கு முன்னால் ஃப்ளோராவும் ஓர் ஒல்லி மனிதரும் குனிந்திருந்தார்கள். அவர் எதையோ சொல்ல, இவள் சிரித்தாள். ஸ்டானிஸ்லாஸுக்குக் காது சுட்டது. பல்லைக் கடித்தான். அந்த ஒல்லிக் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த நேரம் பார்த்து இயக்குநர் பரசுராமன் கை கழுவிவிட்டு வந்தார். ஸ்டானிஸ்லாஸின் முகத்தைப் பார்த்தார். ஈரக் கையோடு நின்றுவிட்டார்.

“அசையாதீர்கள்” என்றார். “தயவுசெய்து அந்தத் தாடையை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.”

மணி அடித்து எல்லோரையும் வரவழைத்தார். பண்டிதர்கள் ஸ்டானிஸ்லாஸைச் சுற்றி நின்றார்கள். பரசுராமன் பேசினார். பழைய இலக்கண உரைகளில் இந்தத் தாதுவுக்கு ஓர் உதாரணம் இருக்கிறது: ஒருவன் தன் மனைவி விஷயத்தில் ஈர்ஷ்யை கொள்கிறான், வேறொருவன் அவளைப் பார்த்துவிடக் கூடாதே என்று. ஆயிரம் வருஷத்துக்கு மேலாக ஓலையிலும் காகிதத்திலும் இருந்த அந்தக் கணவன் இதோ ரப்பர் செருப்போடு நம் தாழ்வாரத்தில் நிற்கிறான் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வரலட்சுமி மட்டும் கைதட்டவில்லை.

ஒன்றும் புரியாமல் நின்ற ஸ்டானிஸ்லாஸ், அடிக்கப்போகிறார்களோ என்று பயந்து மன்னிப்புக் கேட்டான். மன்னிப்புக் கேட்டால் உதாரணம் கெட்டுவிடும் என்று தடுத்தார்கள். மாலைக்குள் கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. பதவி: உயிருள்ள உதாரணம் (தற்காலிகம்). பணி: காலை பத்து மணியிலிருந்து மாலை ஐந்து வரை கண்ணாடிச் சுவருக்கு வெளியே முக்காலியில் உட்கார்ந்து, உள்ளே வேலை செய்யும் மனைவியைப் பார்த்துப் பொறாமைப்படுதல். அரசாங்க விடுமுறை நாட்களில் பொறாமைப்பட வேண்டியதில்லை. உலகத்தில் எந்த சந்தேகக்காரப் புருஷனுக்கும் இப்படி ஒரு உத்தியோகம் வாய்த்திருக்காது. அவன் துறைமுக வேலையை அன்றைக்கே விட்டான்.

அவன் செய்வதையெல்லாம் குணசேகரன் பார்த்துச் சொல்ல, ஃப்ளோரா தட்டச்சு செய்ய வேண்டும் என்று உத்தரவு. ‘முக்காலியில் முன்னால் சாய்ந்தார். மூக்கு விடைத்தது. இரண்டு முறை எச்சில் விழுங்கினார்.’ தன் புருஷனின் மூக்கை அவளே இந்தி எழுத்தில் அடித்தாள். முதல் நாள் வீட்டுக்குப் போனதும் அவள் சமைக்கவில்லை.

“ஊர்ல அவனவன் பொண்டாட்டிய சந்தேகப்பட்டா அசிங்கம்னு மறைப்பான்” என்றாள். “நீ அதுக்கு ஐடி கார்டு வாங்கிக்கினு வந்துகீற.”

“கவர்மென்ட் வேலைம்மா” என்றான் அவன்.

இரண்டு மாதத்தில் ஒரு சிக்கல் வந்தது. குணசேகரனைத் தினமும் ஏழு மணி நேரம் பார்த்த பிறகு, அவர்மேல் பொறாமைப்பட எந்த மனிதனாலும் முடியாது. அவர் ஃப்ளோராவை நிமிர்ந்து பார்த்ததே இல்லை. அவள் பெயர் ஃப்ளோரா என்பதே அவருக்குத் தெரியாது, ‘அம்மா’ என்றுதான் கூப்பிடுவார். மதியம் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிடுவார். மாமியார் போன் செய்தால் எழுந்து நின்று பேசுவார். அன்றைக்கு ஃப்ளோரா சிரித்தது, அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே மேஜை முழுக்கத் தேடியதைப் பார்த்துத்தான் என்று ஸ்டானிஸ்லாஸுக்குத் தெரிந்துபோனது. அவன் முக்காலியில் சாய்ந்து தூங்க ஆரம்பித்தான்.

வீடு வீடாக ஆனது. காசிமேட்டில் நல்ல இறால் வந்திருக்கிறது என்று அவனே வாங்கிவந்து அவனே உரித்துக் கொடுத்தான். எங்க சார் என்று அவள் ஆரம்பித்தால், ஆமா, பாவம், அவர் கண்ணாடி கிடைச்சுதா என்று கேட்டான். கண்ணாடியைப் பற்றிப் பேசிச் சிரித்துக்கொண்டே இருவரும் ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் வந்தார்கள். கல்யாணம் ஆன புதிதில்கூட இப்படி இருந்ததில்லை என்று ஃப்ளோரா தன் அக்காவுக்குப் போனில் சொன்னாள். அந்தச் சந்தோஷம் ஒரு குறிப்பாணை வரும்வரை நீடித்தது.

சென்ற மாதம் தங்கள் பொறாமை திருப்திகரமாக இல்லை, பணி நேரத்தில் இரண்டு முறை புன்னகை செய்ததாகவும் தெரியவருகிறது, தக்க விளக்கம் தரவும் என்று அதில் இருந்தது. ஸ்டானிஸ்லாஸ் இயக்குநரிடம் போய்க் கையைப் பிசைந்தான். இன்னா சார் பண்றது, வரமாட்டேங்குது என்றான். பரசுராமன் பெருந்தன்மையான மனிதர். ஊழியரின் குறையை நிர்வாகம்தான் சரிசெய்ய வேண்டும் என்று சொல்லி, குணசேகரனுக்கு ஓர் உத்தரவு போட்டார். அதன்படி தினமும் பதினொரு மணிக்கு அவர் தட்டச்சரிடம் இனிமையாக நடந்துகொள்ள வேண்டும், மல்லிகைப்பூ ஒரு முழம் அலுவலகச் செலவில் வாங்கித் தர வேண்டும்.

குணசேகரன் எந்த விதியின்கீழ் என்று கேட்டுப் பார்த்தார். பிறகு மனைவியிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவந்தார். பதினொரு மணிக்குப் பூவை நீட்டி, “இது அலுவலகப் பூ, அம்மா” என்றார். ஃப்ளோரா அதை வாங்கி கணினியின் தலையில் வைத்தாள். ஸ்டானிஸ்லாஸுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதையும் பதிவு செய்தார்கள், அடிக்கோடிட்டு.

இதற்குள் வரலட்சுமி சும்மா இருக்கவில்லை. இயக்குநருக்கு ஓர் உதாரணம் இருந்தால் தனக்கும் ஒன்று வேண்டும் என்று டெல்லிக்கு எழுதி வாங்கிக்கொண்டார். அவர் கண்டுபிடித்த ஆள் சிலுவைமுத்து. துறைமுகத்தில் ஸ்டானிஸ்லாஸோடு கை காட்டியவன். “ஒண்ணா வெயில்ல நின்னோம், அவன் மட்டும் இன்னாத்துக்கு நிழல்ல குந்திகினு சம்பளம் வாங்கறான்” என்று காசிமேடு முழுக்கப் புலம்பிக்கொண்டிருந்தவனை வரலட்சுமி வண்டி அனுப்பி அழைத்துவந்தார். உயிருள்ள உதாரணம்-இரண்டு. பிறருக்கு வந்த நல்லதைப் பொறுக்க முடியாதவன். ஸ்டானிஸ்லாஸுக்கு எதிரே உட்கார்ந்து அவனையே முறைப்பது வேலை.

வரலட்சுமி தன் ஆளுக்குக் கை வைத்த நாற்காலி வாங்கிக் கொடுத்தார். மேலே ஒரு மின்விசிறி. ஸ்டானிஸ்லாஸ் தன் முக்காலியைப் பார்த்தான். எதிரே சிலுவைமுத்துவின் முடி காற்றில் பறந்தது. உள்ளுக்குள் ஏதோ சுருக்கென்றது. தூக்கம் போய்விட்டது. ராத்திரி ஃப்ளோராவிடம் அந்த நாற்காலியைப் பற்றியே பேசினான். அதுல குஷன் வேற கீதும்மா என்றான். அவள் தூங்கிவிட்ட பிறகும் பேசினான்.

ஸ்டானிஸ்லாஸுக்குத் திரும்பி வந்த பொறாமை யாருடையது என்று ஒரு தகராறு எழுந்தது. என் ஊழியரின் பொறாமை என் கோப்புக்குத்தான் வர வேண்டும் என்றார் பரசுராமன். அது என் நாற்காலியால் வந்தது என்றார் வரலட்சுமி. இருவரும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அவர் அறைக்குத் திரைச்சீலை வந்தால் இவர் அறைக்கும் வந்தது. இவர் ஃபிளாஸ்க்கில் காபி கொண்டுவந்தால் அவர் பெரிய ஃபிளாஸ்க் வாங்கினார். அதை மட்டும் யாரும் பதிவு செய்யவில்லை.

டெல்லிக் குழு வந்தது. மூன்று பேர். தலைவருக்கு எண்ணூரிலிருந்து வீசும் காற்று ஒத்துக்கொள்ளாமல் மூக்கில் கைக்குட்டை. நிதி நிலைமை காரணமாக ஓர் உதாரணத்தை மட்டுமே நிரந்தரம் செய்ய முடியும், எது தரமானது என்று இன்றே பார்த்து முடிவு செய்வோம் என்றார்.

முதலில் சிலுவைமுத்து. தலைவர் கேட்ட கேள்விக்கெல்லாம் அவன் ஸ்டானிஸ்லாஸைக் கைகாட்டி ஒரு மூச்சு திட்டினான். குழுவினர் தலையாட்டிக் குறித்துக்கொண்டார்கள். பிறகு பரசுராமன் ஸ்டானிஸ்லாஸின் காதருகே குனிந்தார்.

“நீங்கள் சோபிக்கவில்லை என்றால் அவர்தான் நிரந்தரம்” என்றார். “ஓய்வூதியத்தோடு.”

சிலுவைமுத்து ஓய்வூதியம் வாங்குவது ஸ்டானிஸ்லாஸின் கண்முன் வந்தது. குஷன் நாற்காலியில் அறுபது வயது வரை காற்று வாங்கிக்கொண்டு. அதை அவனால் தாங்கவே முடியவில்லை. எழுந்தான். கண்ணாடிக் கதவைத் திறந்து உள்ளே போனான். அன்றைய பூ கணினியின்மேல் இருந்தது. அதை எடுத்து ஃப்ளோராவின் முகத்தில் எறிந்தான். எவன் குடுத்த பூவுடீ இது என்று ஆரம்பித்தான். அது ஒரு நடிப்பாகத்தான் தொடங்கியது. ஆனால் இரண்டாவது வாக்கியத்துக்குள் பழைய வார்த்தைகளெல்லாம் வழி தெரிந்து வந்துவிட்டன. குணசேகரனையும் அவளையும் சேர்த்து, அத்தனை பேர் முன்னால், வாய் கூசும்படி பேசினான். குணசேகரன் காதைப் பொத்திக்கொண்டு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார். ஃப்ளோரா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். நேற்று இரவு தன் தட்டில் முள் எடுத்து மீன் வைத்தவன் இவன்தானா என்பதுபோலப் பார்த்தாள்.

குழுத் தலைவர் மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுத்துவிட்டு, மிகச் சுத்தமான உதாரணம் என்றார். பரசுராமன் பூரித்துப்போய் விளக்கினார்: “இதில் நுட்பம் என்னவென்றால், கோபம் மனைவிமேல் அல்ல. உரைகாரர்கள் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். அவள்மேல் அவருக்கு யாதொரு கோபமும் கிடையாது. அவளைப் பிறர் பார்ப்பதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.”

“அப்ப தட்டு இன்னாத்துக்கு சார் என் மேல வந்துச்சு?” என்றாள் ஃப்ளோரா.

தலைவர் அவள் சொன்னதை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டார். யோசித்தார். அம்மையார் சொல்வது சுவையாக இருக்கிறது, ஆனால் எந்தப் பிரமாண நூலிலும் மனைவியின் கருத்து பதிவாகவில்லை, எனவே அதைக் கணக்கில் எடுக்க வழியில்லை என்றார். ஸ்டானிஸ்லாஸ் நிரந்தரம் செய்யப்பட்டான். வரலட்சுமி அழுதார். சிலுவைமுத்துவைப் பிடித்து நிறுத்த இரண்டு காவலர்கள் தேவைப்பட்டார்கள். அந்த அமளியில் ஃப்ளோரா அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு வெளியே போனதை யாரும் பார்க்கவில்லை. பார்ப்பதற்கென்றே சம்பளம் வாங்குபவன் அப்போது கழுத்தில் மாலை வாங்கிக்கொண்டிருந்தான்.

அவள் எண்ணூரில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். வள்ளூர் பக்கம் ஒரு ஒப்பந்தக்காரரின் ஆபீசில் தட்டச்சு வேலை கிடைத்ததாகக் கேள்வி. ஸ்டானிஸ்லாஸ் தினமும் கண்ணாடிச் சுவருக்கு வெளியே கை வைத்த நாற்காலியில் உட்கார்ந்து உள்ளே ஃப்ளோராவின் காலி நாற்காலியைப் பார்த்தான். அவள் இப்போது யாரோடு பேசுகிறாளோ, எந்த சார் என்ன சொல்கிறாரோ என்று நினைத்து நினைத்துக் கன்னம் ஒட்டிப்போனான். உற்பத்தி இதுவரை இல்லாத அளவுக்கு உயர்ந்திருப்பதாகப் பரசுராமன் டெல்லிக்கு எழுதினார்.

ஒரு நாள் மதியம் அவனால் உட்கார முடியவில்லை. யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினான். எண்ணூரில் அந்த வீட்டைக் கண்டுபிடித்துக் கதவைத் தட்டினான். ஃப்ளோராதான் திறந்தாள். இளைத்திருந்தாள். உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அவன் சட்டையை ஒரு முறை மேலிருந்து கீழே பார்த்தாள்.

“இன்னிக்கு லீவுல வந்துகீறியா, டூட்டில வந்துகீறியா?” என்றாள்.

“லீவுதாம்மா. சத்தியமா. உன்ன இட்டுனு போலாம்னு வந்தேன். வேலைய வுட்டுர்றேன்.”

அவள் கதவைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. வாய் திறந்து எதையோ சொல்ல வந்தவள், அவன் தோளுக்கு மேலே பார்த்தாள். அவனும் திரும்பினான். தெருமுனையில், பஸ்ஸைத் தொடர்ந்தே வந்திருந்த நிறுவனத்தின் வண்டி நின்றிருந்தது. பரசுராமன் காகிதமும் பேனாவுமாக இறங்கி வந்துகொண்டிருந்தார். பின்னாலேயே குணசேகரன், தலையைக் குனிந்துகொண்டு.

கதவு சாத்தும் சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் போடும் சத்தமும் கேட்டது.

அருமை, அருமை என்று சொல்லிக்கொண்டு பரசுராமன் அருகில் வந்தார். கதவு மூடிய அந்தக் கணத்தில் என்ன உணர்ந்தீர்கள், உள்ளே வேறு ஆண் யாரும் இருப்பாரோ என்று தோன்றியதா, சொந்த வார்த்தைகளில் சொல்லுங்கள் என்றார்.

“அப்டியெல்லாம் ஒண்ணும் தோணல சார்” என்றான் ஸ்டானிஸ்லாஸ். “யாரு வேணா பாக்கட்டும். நல்லா இருந்தா போதும். நெஞ்சுலதான் இன்னாவோ எரிஞ்சிகினு கீது. மூச்சு வுட முடியல.”

பரசுராமன் எழுதுவதை நிறுத்தினார். அவர் முகம் விழுந்துவிட்டது.

“இது ஈர்ஷ்யை இல்லையே” என்றார். “இது ‘சுச்’ என்கிற தாது. எரிவது என்றும் பொருள், துக்கப்படுவது என்றும் பொருள். ச வரிசை. நாம் ஈயில் இருக்கிறோம். அந்த எழுத்துக்கு வர இன்னும் இருநூறு வருஷமாவது ஆகும். இதற்கு இப்போது நிதி ஒதுக்கீடு கிடையாது.”

பேனாவை மூடினார். பிறகு, விதி விதிதான் என்பதால் மறுபடியும் திறந்து, தாது பொருந்தாத காரணத்தால் இந்தப் பிற்பகலை உங்கள் பெயரில் அரைநாள் விடுப்பாக எழுதிக்கொள்கிறேன் என்று சொல்லி அப்படியே எழுதினார். குணசேகரனை அழைத்துக்கொண்டு வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

ஸ்டானிஸ்லாஸ் கதவுக்கு ஓடினான். இரண்டு கையாலும் தட்டினான்.

“ஃப்ளோரா, லீவுதாம்மா. எழுதிட்டாரு. லீவுதான்.”

உள்ளே யாரோ தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டார்கள். பாத்திரத்தில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கதவு திறக்கவில்லை.